உலக்கை விழும்வரை

எங்கள் வீட்டில் சந்திர கிரகணம் விட்டதா இல்லையா என்பதை உலக்கைதான் சொல்ல வேண்டும். வானத்தைப் பார்த்துச் சொல்வது நம்பத்தகுந்த வழி இல்லை என்பது என் நாத்தனாரின் தீர்மானம். வானத்தில் மேகம் வரும், மரம் மறைக்கும், பார்க்கிறவர் கண்ணில் பூ விழுந்திருக்கும். உலக்கைக்கு இந்தக் குறைகள் எதுவும் கிடையாது. பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீரை ஊற்றி நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினால், கிரகணம் பிடித்திருக்கும் வரை அது யாரும் தொடாமலே நிற்கும். விட்டவுடன் விழுந்துவிடும். இவ்வளவு எளிய ஏற்பாடு இருக்க, வெள்ளைக்காரர்கள் ஏன் குழாய் வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள் என்று என் நாத்தனார் ஒருமுறை என்னிடம் கேட்டார். அவர்கள் நாட்டில் உலக்கை இல்லை என்றேன். அதை அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வண்டி கட்டினால் அரைப் பொழுதில் போய்விடும் தூரம்தான். ஆனால் என் நாத்தனார் 'உங்க ஊர்' என்று சொல்லும்போது அது கடலுக்கு அப்பால் இருப்பதுபோல் தோன்றும். என் தகப்பனார் கோர்ட்டில் எழுத்து வேலை பார்த்தவர். பெண் படித்தால் கெட்டுப்போவாள் என்று உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்காமல், வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார். அங்கே ஒரு நாள் கிரகணப் பாடம் நடந்தது. மேசைமேல் விளக்கு சூரியன். எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்து நின்ற பெண் சந்திரன். நடுவில் நான் நின்றேன். நான்தான் பூமி. என் தலையின் நிழல் எலுமிச்சம்பழத்தின்மேல் விழுந்ததும், "இதுதான் கிரகணம், பாம்பு எங்கேயும் இல்லை" என்று அந்த அம்மாள் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

இந்த 'எதற்கும் இருக்கட்டும்' என்பதுதான் நான் படித்த படிப்பின் மொத்தப் பலன். பாம்பு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை என் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

என் நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். என் மாமியார் இறந்தபோது என் கணவர் சிறு பிள்ளை. வளர்த்து ஆளாக்கி எனக்குக் கட்டிவைத்தது நாத்தனார்தான். ஆகவே வீடும் அவருடையது, தம்பியும் அவருடையவர், தம்பியின் பெண்டாட்டியும் அவருடைய பொறுப்பு. சாத்திரம் ஒரு மடங்கு சொன்னால் இரண்டு மடங்கு செய்வார். புரோகிதர் எங்கள் வீட்டுக்கு வருவது எங்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அவர் கற்றுக்கொண்டு போகத்தான் வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மகன் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. என்னை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாவித்துவாரத்தில் சாணி அப்பினார்கள். நகம் கடிக்கக்கூடாது, தலை சொறியக்கூடாது, ஊசி தொடக்கூடாது, புடவை முந்தியைக்கூட முறுக்கக்கூடாது. முறுக்கினால் பிள்ளைக்குக் கால் முறுக்கிக்கொள்ளும். தலையில் எனக்கு அப்போது பேன் வேறு. கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பூமியின் நிழல் எப்படிச் சாவித்துவாரத்தின் வழியாக வரும் என்று யோசித்தேன். யோசித்தபடியே அந்தச் சாணி நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபோது இரண்டு காதும், பிளவில்லாத உதடும், நேரான காலும் இருந்தன. "அறையில வச்சுப் பூட்டுனதால தப்பிச்சான்" என்றார் நாத்தனார். நானும் தலையாட்டினேன்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்து வந்த கிரகணத்தைப் பற்றி. என் மகனுக்கு ஒரு வயது நிரம்பியிருந்த ஆடி மாதம். ஆடிப்பூரத் தேருக்காகப் பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தேன். தேர் நிலைக்கு வந்தது, என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் வந்தது. நாலைந்து நாளில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. என் தகப்பனார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் எடுத்துப் போனார். டாக்டர் ஒரு புட்டி மருந்து கொடுத்துவிட்டு, மருந்தைவிட முக்கியமானது இது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாய் காயவிடாதே அம்மா. தாய்ப்பாலும் கஞ்சித்தண்ணியும் மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இரு. கொஞ்சம் கொஞ்சமா, ஆனா விடாம. விட்டுட்டா திரும்பப் பிடிக்கிறது கஷ்டம்."

விடாமல் கொடுத்தேன். போக்கு குறைந்தது. கண்ணில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. வண்டியில் படுக்கை போட்டு இராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். நாத்தனார் பிள்ளையை வாங்கிப் பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "உங்க ஊர்த் தேர் பாக்கணும்னு போன மனுசி, பிள்ளையையும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

பௌர்ணமிக்கு முதல் நாள் புரோகிதர் வந்தார். மறுநாள் கிரகணம். அதுவும் சந்திரன் பிடிபட்ட நிலையிலேயே உதிக்கிற கிரகணம். அதாவது சந்திரன் எங்கள் ஊருக்கு வந்து சேருமுன்பே வழியில் பிடிபட்டுவிடுவார். நாங்கள் பார்க்காமல் இருக்கும்போதே பட்டினியைத் தொடங்கிவிட வேண்டும். இது போதாதென்று நட்சத்திரம் திருவோணம்.

"உம்ம தம்பி பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டார் புரோகிதர். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

"திருவோணம்தான் சாமி" என்றார் நாத்தனார், நெஞ்சில் கை வைத்து.

"அப்ப பட்டம் கட்டணும்."

பட்டம் என்பது ஓலை நறுக்கில் சுலோகம் எழுதி, மஞ்சள் நூலில் கோத்து நெற்றியில் கட்டுவது. யாருடைய நட்சத்திரத்தில் கிரகணம் பிடிக்கிறதோ அவருக்குத் தோஷம் அதிகம். நான் கதவோரம் நின்றபடி, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் விடாமல் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்" என்று மெல்லச் சொன்னேன்.

புரோகிதர் நல்ல மனுஷர். "கொழந்தைகளுக்கும் வியாதிக்காராளுக்கும் கிழவாளுக்கும் விலக்கு உண்டு. சாஸ்திரத்திலேயே இருக்கு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நாத்தனார் புடவை முந்தியை இழுத்துச் செருகினார்.

"பட்டம் கட்டுற பிள்ளைக்குமா விலக்கு, சாமி?"

புரோகிதர் அவர் முகத்தைப் பார்த்தார். பின்பு, தானம் கொடுப்பதற்காகச் சுளகில் எடுத்து வைத்திருந்த அரிசியையும் உளுந்தையும் பார்த்தார். "அதுவும் நியாயமான கேள்விதான்" என்றார். "பகல்ல குடுக்கலாம். தோஷமில்லே. பிடிச்ச பிறகு விடறவரைக்கும் மட்டும் வேண்டாம்." சாத்திரம் இப்படி எங்கள் வீட்டு நடையிலேயே திருத்தப்பட்டது.

எப்போது விடும் என்பதில் அடுத்த தகராறு. புரோகிதரின் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது. என் தகப்பனார் புதுக் கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்ட நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளை பசித்து அழுது தூங்கி மறுபடி எழுந்து அழுகிற அளவுக்கு இடைவெளி. என் கணவர் பஞ்சுக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். இரண்டையும் கூட்டி வகுத்து நடுவில் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஏலே, சந்திரன் என்ன பஞ்சு மூட்டையா, பேரம் பேசி நடுவுல முடிக்க?" என்றார் நாத்தனார். "பஞ்சாங்கம் எழுதுறவன் மனுசன். உலக்கை இருக்கு. அது சொல்லும்."

மறுநாள் பகல் முழுவதும் நான் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பால், கஞ்சித்தண்ணீர், மருந்து, மறுபடி பால். சாயங்காலத்துக்கும் சேர்த்து நிரப்பிவைத்துவிடலாம் என்ற நினைப்பு. பிள்ளை பானை இல்லை. உச்சி வேளையில் குடித்ததை எல்லாம் வெளியே விட்டுவிட்டு, பழையபடி வறண்ட வாயோடு என்னைப் பார்த்தான். அவசரப்பட்டு அதிகம் கொடுத்துவிட்டேனோ, கொஞ்சம் கொஞ்சமாக என்றுதானே டாக்டர் சொன்னார் என்று அதற்கு ஒரு தனிக் கவலை பிடித்துக்கொண்டது.

நாத்தனார் இதற்கிடையே வீட்டிலுள்ள பொருள்களுக்கெல்லாம் தர்ப்பை போட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பை, நெய்யில் தர்ப்பை, குடத்துத் தண்ணீரில் தர்ப்பை, மோரில், மாவில், புளிப்பானையில் தர்ப்பை. உப்புக்கு என்ன கெடுதல் வரும் என்று தெரியவில்லை, அதற்கும் ஒன்று. கடைசியில் ஆஸ்பத்திரி மருந்துப் புட்டியைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்துவிட்டு, அதிலும் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டார். ஆக, மருந்து காப்பாற்றப்பட்டது. புளி காப்பாற்றப்பட்டது. வீட்டில் தர்ப்பை போட்டுக் காப்பாற்ற முடியாத பண்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு நெற்றியில் ஓலையைக் கட்டினோம். அது அந்த ஓலையைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பியது. மறுபடி கட்டினோம். மறுபடி சப்பியது. எச்சில் ஊறாத வாயில் அது சப்புவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெயில் சாய்ந்ததும், "பிடிச்சாச்சு" என்றார் நாத்தனார். எங்கே பிடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. சந்திரன் உதிக்கவே இல்லை. மேற்கு மலைமேல் ஆடிச் சாரல் மேகம் கருமையாக ஏறி வானம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. முற்றத்தில் தாம்பாளம் வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, உலக்கையை எடுத்து நிறுத்தினார். போன கிரகணத்தின்போது பழைய உலக்கை. அடி தேய்ந்து உருண்டை ஆகியிருந்ததால் நிறுத்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அதன் பிறகு புது உலக்கை வாங்கியிருந்தோம். ஆடி பிறந்ததும் கொல்லர் அதற்குப் புதிதாக இரும்புப் பூண் போட்டு, அடியைப் பலகைபோல் சமமாகத் தட்டிக் கொடுத்திருந்தார். கையை எடுத்ததும் தூண் மாதிரி நின்றது.

நாத்தனார் பின்வாங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்புட்டுக் கடுமையான கிரகணம் பாத்தியா, ஏட்டி. தொட்டதும் நிக்குது."

என் கணவர் பக்கத்துத் தெரு ஆண்களோடு குளத்துக்குப் போனார். கிரகண காலத்தில் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மந்திரம் சொல்வார்கள். பெண்கள் வீட்டில் பட்டினியோடு நின்று பிள்ளைக்குச் சமாதானம் சொல்வார்கள். இரண்டும் ஒரே தவம்தான் என்று சொல்கிறார்கள். போகும்போது என் கணவர் வாசலில் நின்று ஒரு செய்தி சொன்னார். தெருமுனையில் ஜவ்வரிசியும் கற்கண்டும் வாங்குகிற ராவுத்தர் கடையையும் சாத்திவிட்டார்களாம். அவர்களுக்கும் கிரகணத்துக்கென்று பள்ளிவாசலில் தனித் தொழுகை உண்டாம். "பிள்ளை எப்படி இருக்கான்னு கேட்டார். கஞ்சி குடுக்கக்கூடாதுன்னு சொன்னேன். நாங்களும் தொழத்தான் போறோம், பிள்ளை குடிச்சா தொழுகை என்ன செய்யும்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அதுவும் சரிதான்னு சொன்னேன்" என்றபடி குளத்துக்குப் போய்விட்டார். என் கணவரிடம் யார் எதைச் சொன்னாலும் அதுவும் சரிதான்.

விளக்கு வைத்த பிறகு பிள்ளை அழத் தொடங்கினான். என் மடியில் படுத்து மார்பை முட்டி முட்டித் தேடினான். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அந்த வாசனைக்கு அவன் இன்னும் கத்தினான். கிரகணத்தில் தாய்ப்பால் நஞ்சாகும் என்பார்கள். நான்தான் பூமி, என் நிழல்தான் அது, நஞ்சு எங்கிருந்து வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே இன்னொரு குரல், வெள்ளைக்கார அம்மாளுக்குப் பிள்ளை கிடையாதே என்றது. பிள்ளை இல்லாதவள் சொன்ன பாடத்தை நம்பி நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் இருந்து இன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டர் 'விடாமல்' என்றாரே, கிரகணத்தை அவர் கணக்கில் எடுத்திருப்பாரா? அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சிரித்திருந்தால் நான் நம்பியிருப்பேனா?

அப்போது எதிர் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. எதிர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டம்மாள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் நடைவரை வந்து எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே அவர்களுடைய வெள்ளை நாயும் வந்தது. அது சாயங்காலம் கூடச் சோறு தின்றதை நான் பார்த்திருந்தேன். அதன் நட்சத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

"ஏமம்மா, பிள்ளை ஏன் இந்தக் கத்து கத்துறான்? இன்னும் ஒண்ணும் குடுக்கலியா?"

"விடலியே" என்றார் நாத்தனார்.

"எங்க உலக்கை எப்பவோ விழுந்துருச்சே அக்கையா! நான் குளிச்சு, உலை வச்சு, குழம்பும் கூட்டிட்டேன்."

நாத்தனார் முற்றத்து உலக்கையைக் காட்டினார். அது அசையாமல் நின்றது. "உங்களுக்கு விட்டிருக்கும். எங்களுக்கு இன்னும் விடலை."

தெருவின் அகலம் ஒரு வண்டி போகிற அளவு. அந்தப் பக்கம் சந்திரன் விடுதலையாகிக் குழம்பு கொதித்தது. இந்தப் பக்கம் பாம்பு இன்னும் மென்றுகொண்டிருந்தது. எதிர் வீட்டம்மாள் உலக்கையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளை முகம் நல்லா இல்லை அக்கையா" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

நேரம் போயிற்று. மேகம் விலகவில்லை. புரோகிதரின் பஞ்சாங்கம் சொன்ன நேரம் கடந்திருக்கும் என்று தோன்றியது. என் தகப்பனாரின் பஞ்சாங்கமும் தாண்டியிருக்கலாம். கடிகாரம் என் கணவரோடு குளத்தங்கரையில் இருந்தது; விட்ட சந்திரனைக் கண்ணால் பார்க்காமல் ஆண்கள் கரையேற மாட்டார்கள். எங்களிடம் இருந்தது உலக்கை. நாத்தனாரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. தூணில் சாய்ந்து நின்று உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது விளக்குக்கும் அவனுக்கும் நடுவில் என் தலை வந்து, அவன் முகம் முழுக்க என் நிழல் விழுந்தது. பதறி விலகினேன். கண் பாதி திறந்திருந்தது. கையைத் தூக்கி விட்டேன். கை அப்படியே விழுந்தது.

"மதினி" என்றேன். "அழுகையை நிறுத்திட்டான், மதினி."

நாத்தனார் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து, உச்சிக்குழியில் விரல் வைத்தார். உதட்டைத் தொட்டார். நாக்கைத் தொட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 'கொடு' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தெரு முழுக்கக் கேட்க 'எங்களுக்கு இன்னும் விடலை' என்று சொல்லிவிட்டாரே. உலக்கைப் பக்கம் திரும்பினார்.

"ஏ, விழேன்" என்றார்.

உலக்கை நின்றது.

"மூதேவி, உனக்குக் கொஞ்சங்கூட இரக்கம் இல்லையா? பச்சப் பிள்ளை கெடக்கான். விழுந்து தொலையேன்!"

கொல்லரின் வேலை அப்படி. அது நின்றது.

நாத்தனார் கையிலிருந்த விளக்கைத் தூணோரம் வைத்தார். பிறகு, அடுப்படிக்குப் போகிறவர்போல முற்றத்தின் குறுக்கே நடந்தார். அடுப்படிக்கு அது வழி இல்லை. தாம்பாளத்தைத் தாண்டும்போது வலது கால் பெருவிரலால் அதன் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் நீர் சிந்தியது. உலக்கை இப்படியும் அப்படியும் ஆடியது. ஆடிவிட்டு, மறுபடி நேராக நின்றுவிட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தார். இந்தத் தடவை விரல் இல்லை, குதிகால். தாம்பாளம் கிணுகிணுத்து ஓட, உலக்கை கல் தளத்தில் விழுந்த சத்தம் எதிர் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"விட்டுருச்சு!" என்று கத்தினார். உலக்கை உருண்டு நிற்கக்கூட இல்லை. "விட்டுருச்சு! ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு இருக்க, பிள்ளைக்குக் குடு!"

அந்த நேரத்தில் நான், பள்ளிக்கூடத்தில் பூமியாக நின்றவள், என்ன கேட்டேன் தெரியுமா? "தலைக்கு ஊத்திட்டு வந்துரட்டா, மதினி? கிரகணத் தீட்டு..."

"உன் தலையில தீயை வைக்க!" என்றார் நாத்தனார். "குடு முதல்ல!"

கொடுத்தேன். அவன் வாயில் பிடிக்கவில்லை. நாத்தனார் கஞ்சித்தண்ணீரை விரலில் தொட்டு அவன் உதட்டில் தடவினார். மறுபடி தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை நாக்கு வெளியே வந்து அந்த விரலைத் தேடியது. பிறகு கரண்டி. பிறகு, எவ்வளவு நேரத்துக்குப் பிறகோ, என்னிடம் திரும்பிப் பிடித்துக்கொண்டான். அவன் விழுங்குகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மேகம் கிழிந்தபோது சந்திரன் முற்றத்துக்கு நேரே, நல்ல உயரத்தில், முழுசாக, துலக்கின தட்டுப்போல இருந்தது. அது விடுபட்டு வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். யாரும் கடித்த அடையாளமே இல்லை.

நாத்தனார் அண்ணாந்து பார்த்தார். "பாத்தியா" என்றார். "உலக்கை விழுந்துச்சு. விட்டுருச்சு."

நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவர் சந்திரனையே உலக்கையால் அடித்தேன் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

மறுநாள் காலை, பிள்ளை தூங்கும்போது, எனக்கு மனது கேட்கவில்லை. தாம்பாளத்தை எடுத்து முற்றத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி, உலக்கையை நிறுத்தினேன். நல்ல வெயில். எந்தக் கிரகணமும் இல்லை. அது நின்றது. பாத்திரம் கழுவி முடித்துத் திரும்பினேன். அப்போதும் நின்றது. நாத்தனார் பின்கட்டிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டார்.

அவர் நின்று உலக்கையை மேலும் கீழும் பார்த்தார். "நேத்துப் பிடிச்சது அதுக்குள்ள இன்னும் மிச்சம் கெடக்கும்" என்றார். எடுத்துக்கொண்டு போய் நெல் குத்தினார்.

பிள்ளை தேறினான். அதைப் பற்றித் தெருவில் ஒரு கதை உண்டு. கிரகணத்தன்று நாக்கு வறண்டு கிடந்தும் ஒரு சொட்டுக்கூட வாயில் படவில்லையாம். பட்டத்தை நெற்றியிலிருந்து எடுக்கவில்லையாம். அந்தக் கட்டுப்பாட்டினால் தோஷம் முழுக்கக் கழிந்து பிழைத்தானாம். நாத்தனார் இதை எதிர் வீட்டம்மாளிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டேன். உலக்கை விழுகிற இடம் வந்ததும், "கண் மூடித் திறக்கதுக்குள்ள தானா விழுந்துச்சு. கேளேன், இவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா" என்று என்னைக் காட்டினார்.

"ஆமாம்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புரோகிதரும் இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். பட்டம் கட்டிய பிள்ளைக்கு விலக்கு கிடையாது என்று இப்போது அடுத்த தெருக்களிலும் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயெல்லாம் உலக்கையைத் தட்டிவிட ஆள் இருக்கிறதோ இல்லையோ என்ற கவலை எனக்கு உண்டு. உண்மையைப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். யார் வீட்டில் போய், என்னவென்று ஆரம்பிப்பது என்று யோசிப்பேன். அதற்குள் உலை கொதித்துவிடும்.

அடுத்த தைப்பூசத்தன்று மறுபடி சந்திர கிரகணம் வந்தது. அதுவும் சாயங்காலம்தான். இந்த முறை பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீடு முழுக்க ஓடி, தர்ப்பை போட்ட பானைகளை எல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. தென்னை உச்சிக்கு மேலே சந்திரன் ஏறி வந்தபோது அதில் பெரிய கடி. கண்ணுள்ள எவருக்கும் தெரிகிற கடி.

நாத்தனார் தாம்பாளம் வைத்தார், மஞ்சள் நீர் ஊற்றினார். புது உலக்கை மூலையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போய், பரணுக்கு அடியில் கிடந்த பழைய உலக்கையை இழுத்து வந்தார். அடி உருண்டை ஆகியிருந்த அதே உலக்கை. நிறுத்தினார். கையை எடுத்தார். அது ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது.

"சின்னக் கிரகணம்" என்றார் நாத்தனார். "விட்டுருச்சு. பிள்ளைக்குச் சோறு போடு."

நான் என்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தேன்.

"மானத்தை என்னத்துக்குப் பாக்க? உலக்கை விழுந்தது கண்ணுக்குத் தெரியலியா?"

சோற்றைக் குழைத்து, கிண்ணத்தில் போட்டு, பிள்ளையை முற்றத்தில் உட்காரவைத்தேன். அவன் கை நீட்டினான். மேலே சந்திரன் அப்படியே கடிபட்டுத் தொங்கியது. நாத்தனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தமக்கென்று ஒரு வாய்த் தண்ணீர்கூட எடுக்கவில்லை. அது முழுசாகும்வரை எடுக்கவும் மாட்டார். அவருக்குக் கிரகணம் விடவில்லை, பிள்ளைக்கு மட்டும்தான் விட்டிருந்தது.

பாம்பு இல்லை, நிழல்தான், நானே நின்று காட்டிய பாடம். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு துண்டு தர்ப்பையைக் கிள்ளிப் பிள்ளையின் சோற்றில் போட்டேன்.

நாத்தனார் பார்த்துவிட்டார். "ஏட்டி" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அதை எடுத்து வெளிய போடு. பிள்ளைக்குத் தொண்டையில சிக்கும்."